கை மாறிய கேமரா

2012 செப்டம்பரில் நிக்கான் நிறுவனம் டி600 என்றொரு கேமராவைக் கொண்டுவந்தது. முழு அளவு சென்சார், 24 மெகாபிக்சல், அமெரிக்காவில் 2,100 டாலர். ‘ஃபுல் ஃப்ரேம்’ என்றாலே பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆசையாக வாங்கினார்கள். சில வாரங்களிலேயே ஒரு விஷயம் கண்ணை உறுத்தியது. வெறும் வானத்தை எடுத்தால் படத்தின் இடது மேல் மூலையில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். சென்சாரைத் துடைத்தால் போய்விடும், சில நூறு படங்கள் எடுத்ததும் திரும்ப வந்துவிடும். வெளியிலிருந்து நுழைந்த தூசாக இருந்தால் இப்படி வராது. கேமராவின் வயிற்றுக்குள்ளேயே, ஷட்டர் பக்கத்திலிருந்து எண்ணெயும் துகளும் தெறிக்கின்றன என்று பயன்படுத்தியவர்கள் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் நிக்கான் டி610 என்ற மாடலை இறக்கியது. சென்சார் அதே 24 மெகாபிக்சல்தான், ஷட்டர் மட்டும் வேறு. காசு கொடுத்து டி600 வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! 2014 பிப்ரவரியில், வாரண்டி முடிந்திருந்தாலும் சரி, டி600ஐக் கொண்டுவந்தால் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரையும் மாற்றித் தருகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. மார்ச் 15, நுகர்வோர் தினத்தன்று சீன அரசுத் தொலைக்காட்சி இதையே நிகழ்ச்சியாக்க, ஷாங்காய் அதிகாரிகள் அந்த மாடலின் விற்பனையையே நிறுத்தச் சொன்னார்கள்.

கதையின் சுவாரசியமான பகுதி அதற்குப் பிறகு. பெயர் கெட்டுப்போன டி600க்கு செகண்ட் ஹேண்ட் சந்தையில் விலை சரிந்தது. ஆனால் ஷட்டர் மாற்றப்பட்ட டி600 ஒன்று கையில் கிடைத்தால், அது எடுக்கும் படத்துக்கும் டி610 எடுக்கும் படத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. விவரம் தெரிந்தவர்கள் சர்வீஸ் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வாங்கிப் போனார்கள். டப்பா பிரிக்காமல் வாங்கியவர் கறையோடு மல்லுக்கட்டினார். அதே கேமராவை இரண்டாவதாக வாங்கியவர் கறையில்லாத வானத்தை எடுத்தார்.

எல்லா மாடலுக்கும் இப்படி நடக்காது என்பது உண்மைதான். ஆனாலும் ‘புதுசு என்றால் கவலையில்லை, பழசு என்றால் யாரோ கழித்துக்கட்டியது’ என்ற கணக்கை வைத்துக்கொண்டு கேமரா வாங்கப் போகிறவர் இரண்டு பக்கமும் ஏமாற வாய்ப்பிருக்கிறது. கேமராவில் எது தேயும், எது தேயாது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

‘கேமரா செட்’ என்று ஒரே பையில் போட்டுத் தூக்கினாலும் அதற்குள் இருப்பவை இரண்டு வேறு சாதிப் பொருள்கள். பாடி என்பது கிட்டத்தட்ட ஒரு கணினி. மூன்று நான்கு வருடத்துக்கொருமுறை அடுத்த மாடல் வரும். அறிவிப்பு வந்த மறுநாளே பழைய மாடலின் விலை இறங்கும். படம் எடுப்பதில் அது நேற்றைக்கு இருந்த அதே கேமராதான் என்பதைச் சந்தை பொருட்படுத்தாது. லென்ஸ் அப்படியல்ல. கேனானின் 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸின் இரண்டாம் வடிவம் 1990 கடைசியில் வந்தது. அதற்கு அடுத்த வடிவம் வந்தது 2015இல். நடுவில் 25 வருடம் அதே பிளாஸ்டிக் மவுண்ட், அதே கண்ணாடியோடு அது விற்றுக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துக்குள் டிஜிட்டல் கேமரா வளர்ந்து, பரவி, பாதி ஆயுளையும் கடந்துவிட்டது.

அதனால்தான் நல்ல லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, இரண்டு வருடம் புழங்கிவிட்டு, ஏறக்குறைய வாங்கிய விலைக்கே கைமாற்றிவிடுகிறவர்களைப் பார்க்க முடிகிறது. விலையின் முதல் வீழ்ச்சியை முதலில் வாங்கியவர் சுமந்துவிட்டார். இரண்டாமவர் அந்த லென்ஸை வாடகையில்லாமல் வைத்திருந்தார், அவ்வளவே. பாடியில் இந்தச் சௌகரியம் கிடையாது. அங்கே இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும்கூட விலை இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

விலை இறங்கினால் தரமும் இறங்கிவிட்டது என்று அர்த்தமா? பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ படம் 2012இல் வந்தது. விஜய் மில்டன் அதைப் படமாக்கியது கேனான் 7டி என்ற, கடையில் யாரும் வாங்கக்கூடிய ஸ்டில் கேமராவில். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அந்த 7டி இன்று விற்பனைப் பட்டியல்களில் அடிமட்ட விலையில் கிடக்கிறது. திரையரங்கின் வெள்ளித்திரைக்குப் போதுமானதாக இருந்த கேமரா, காதுகுத்து விழாவின் ஆல்பத்துக்குப் போதாது என்று சொல்ல முடியாது.

பழைய கேமராக்கள் இப்போது இவ்வளவு மலிந்து கிடப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. கேனானின் இஎஃப் மவுண்ட் 1987இல். லென்ஸும் பாடியும் பூட்டிக்கொள்ளும் அந்த வளையம் மாறாமல் இருந்தவரை, அப்பா வாங்கிய லென்ஸைப் பிள்ளை மாட்டிக்கொள்ளலாம். 2018இல் ஒரே பருவத்தில் இரண்டு நிறுவனங்களும் வளையத்தை மாற்றின. நிக்கான் ‘இசட்’ என்றது, கேனான் ‘ஆர்எஃப்’ என்றது. உள்ளே கண்ணாடி மடங்கி எழும் டிஎஸ்எல்ஆரின் இடத்தில் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் வந்து உட்கார்ந்தது. 2013லேயே முழு அளவு சென்சாரோடு மிரர்லெஸ் விற்கத் தொடங்கியிருந்த சோனி, இந்த இருவரையும் இழுத்துவிட்டது என்றும் சொல்லலாம்.

ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் கூட்டமைப்பு வெளியிடும் கணக்குப்படி, 2020இல் மிரர்லெஸ் முதன்முறையாக டிஎஸ்எல்ஆரை முந்தியது. 2023இல் உலகெங்கும் போனவை 48 லட்சம் மிரர்லெஸ், டிஎஸ்எல்ஆரோ 12 லட்சத்துக்கும் கீழே. 1டி எக்ஸ் மார்க் 3தான் தங்களின் கடைசி உச்ச ரக டிஎஸ்எல்ஆர் என்று கேனான் தலைவர் 2021 இறுதியிலேயே சொல்லிவிட்டார்.

கல்யாண ஸ்டுடியோக்கள் மிரர்லெஸுக்கு மாறியபோது பழைய பாடிகளும் லென்ஸ்களும் கொத்துக்கொத்தாகச் சந்தைக்கு வந்தன. ஒரு காலத்தில் ஸ்டுடியோக்காரர் கடன் வாங்கி எடுத்த 70-200 எஃப்/2.8 லென்ஸை, இன்று கல்லூரி மாணவர் ஒருவர் பகுதிநேர வேலைக் காசில் எடுக்க நினைக்கலாம். கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல காலம் இதற்குமுன் இருந்ததில்லை என்றே தோன்றுகிறது. அதே சமயம், அடுத்த தை மாதத்திலிருந்து கல்யாண ஆர்டர் எடுக்கப் போகிறேன் என்பவருக்கு இதே யோசனையைச் சொல்வது நியாயமில்லை. ஓடிவரும் குழந்தையின் கண்ணைத் தானே பிடித்துத் தொடரும் ஃபோகஸும், வீடியோவில் தடுமாறாத ஃபோகஸும் புதிய மிரர்லெஸ்களில்தான் ஒழுங்காக இருக்கின்றன. அந்த இடத்தில் பழைய டிஎஸ்எல்ஆர் தோற்றுத்தான் போகும்.

மலிவைப் பார்த்துக் கை வைக்கிற இடத்தில்தான் முதல் பொறி இருக்கிறது. நிக்கானின் பழைய ‘ஏஎஃப்-டி’ லென்ஸ்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் ஒரு சிறு திருகின் வழியாக லென்ஸைச் சுழற்ற வேண்டும். ஆனால் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் அந்த மோட்டாரே இல்லை. விலை குறைக்க எடுத்துவிட்டார்கள். இது தெரியாமல் டி5300 பாடியோடு கடைக்குப் போகும் பையன், கண்ணாடி அலமாரியில் இருக்கும் 50 எம்எம் லென்ஸைக் காட்டி, “அண்ணே, இது என் கேமராவுக்கு மாட்டுமா?” என்று கேட்கிறான். “தாராளமா மாட்டும் தம்பி” என்கிறார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. க்ளிக் என்ற சத்தத்தோடு மாட்டிக்கொள்ளும், படமும் எடுக்கும். ஃபோகஸை மட்டும் ஆயுளுக்கும் கையால்தான் திருக வேண்டும். மிரர்லெஸ் பாடிக்கு மாறினாலும் இந்தத் தொல்லை தீராது, ஏனென்றால் எஃப் லென்ஸை இசட் பாடியில் மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் மோட்டார் இல்லை. கேனான்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. இஎஃப் லென்ஸ்களில் 1987இலிருந்தே மோட்டார் லென்ஸுக்குள் இருப்பதால், அடாப்டர் போட்டால் புதிய ஆர்எஃப் பாடியிலும் ஆட்டோ ஃபோகஸோடு ஓடும்.

இரண்டாவது பொறி, வாரிசு இல்லாத மவுண்ட்கள். 2011இல் தொடங்கிய ‘நிக்கான் 1’ 2018இல் நின்றுபோனது. சாம்சங் தன் ‘என்எக்ஸ்’ வரிசையைக் கைவிட்டுக் கேமரா தொழிலையே விட்டு வெளியேறியது. கேனானின் ‘இஎஃப்-எம்’ 2012இல் வந்து 2023இல் முடிந்தது, அந்த லென்ஸ்கள் ஆர்எஃப் பாடிகளில் சேராது. பொருள் ஒன்றும் மோசமில்லை. வீட்டோடு ஒரு பாடி, ஒரு லென்ஸ், அதற்குமேல் ஆசையில்லை என்பவர் எடுக்கலாம். மற்றவர்கள் அடுத்த லென்ஸ் எங்கே கிடைக்கும் என்று யோசித்துவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.

செகண்ட் ஹேண்ட் கேமரா என்றதும் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, “ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?” ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் மெல்லிய திரைதான் ஷட்டர். நொடியில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு வரை சின்ன வெளிச்ச இடைவெளியை அது உண்டாக்க வேண்டும். எத்தனை முறை திறந்து மூடும்வரை தாங்கும் என்று நிறுவனங்கள் ஓர் எண் சொல்கின்றன. கேனான் 80டிக்கு ஒரு லட்சம், 5டி மார்க் 4க்கு ஒன்றரை லட்சம், நிக்கான் டி850க்கு இரண்டு லட்சம், செய்திப் படக்காரர்களின் 1டி எக்ஸ் மார்க் 2க்கு நான்கு லட்சம். இது சோதனைச்சாலை எண்தான். அந்த எண்ணைத் தாண்டி வருடக்கணக்கில் ஓடும் பாடியும் உண்டு, பாதியிலேயே படுக்கும் பாடியும் உண்டு. போனால் ஷட்டர் யூனிட்டை மாற்றிக்கொள்ளலாம். என்ன, செலவு ஆகும்.

இந்த எண்ணை வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் புரியும். நிச்சயதார்த்தம், ரிசப்ஷன், முகூர்த்தம் என்று ஒரு கல்யாணத்தில் மூவாயிரம் க்ளிக் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 50 கல்யாணம் பிடிக்கிறவரிடம் ஒன்றரை லட்சம் ஒரே வருடத்தில் தீர்ந்துவிடும். வீட்டுக்காரர் ஒருவர் சுற்றுலா, பிறந்தநாள் என்று வருடத்துக்கு ஐயாயிரம் எடுத்தால் அதே எண்ணைத் தொட முப்பது வருடம் வேண்டும். ஆகவே ‘ரெண்டு வருஷம்தான் ஆச்சு சார்’ என்பதும் ‘ஏழு வருஷப் பழசு’ என்பதும் தனியாக எதையும் சொல்வதில்லை. விற்பவர் எல்லோருமே ‘ஹோம் யூஸ் மட்டும்தான்’ என்கிறார்கள். பட்டையில் ஸ்டுடியோ பெயர் தைத்திருக்கும் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டும் சொல்கிறார்கள்.

நிக்கானிலும் சோனியின் பல மாடல்களிலும் ஷட்டர் எண் புகைப்படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். விற்பவரிடம் நேற்று எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொன்னால் போதும், கணினியில் பார்த்துவிடலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அந்தத் தகவலெல்லாம் உதிர்ந்துவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். கேனானில் பல மாடல்களுக்குக் கோப்பில் இருக்காது. கேமராவைக் கணினியோடு இணைத்துத் தனி மென்பொருளில் பார்க்க வேண்டும், அல்லது சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டும். கோப்பின் பெயரில் 0345 என்று இருப்பதைக் காட்டி, “முந்நூத்தி நாப்பத்தஞ்சு படம்தான் எடுத்திருக்கு” என்று சொல்பவரும் உண்டு. அந்த எண் 9999ஐத் தொட்டதும் மறுபடி தொடக்கத்துக்கு வந்துவிடும். பத்தாயிரத்து முந்நூற்றுச் சொச்சமாகவும் இருக்கலாம், தொண்ணூறாயிரத்து முந்நூற்றுச் சொச்சமாகவும் இருக்கலாம்.

இன்னும் சில வருடங்களில் இந்தக் கேள்வியே கேள்வியாக இருக்காது போலிருக்கிறது. மிரர்லெஸ்களில் எலக்ட்ரானிக் ஷட்டர் வந்துவிட்டது. 2021இல் வந்த நிக்கான் இசட்9இலும் 2023இல் வந்த இசட்8இலும் அசையும் ஷட்டரே கிடையாது. வீடியோ எடுத்த மணிநேரமும் ஷட்டர் கணக்கில் ஏறாது. நாள் முழுக்க வெயிலில் ஸ்டாண்டில் நின்று கல்யாண வீடியோ எடுத்த பாடி, கணக்கில் ‘எட்டாயிரம்’ என்று காட்டிக்கொண்டு புதுப்பெண் மாதிரி நிற்கும்.

அதைவிட மோசமான காயங்கள் எண்ணில் தெரியாது. 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முழுச் சூரிய கிரகணத்துக்குப் பிறகு, லென்ஸ்ரெண்டல்ஸ் என்ற வாடகை நிறுவனத்துக்குத் திரும்பிவந்த கருவிகளில் சில பொசுங்கியிருந்தன. வடிகட்டிக் கண்ணாடி போடாமல் நீண்ட லென்ஸை நேராகச் சூரியனுக்குத் திருப்பியதன் விளைவு. சென்சாரில் ஓட்டை, உருகிய ஷட்டர் திரை, எரிந்த அபெர்ச்சர் இதழ்கள். நிறுவனம் படங்களோடு அவற்றை வெளியிட்டது. 2019இல் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில், தானியங்கிக் காருக்கான லேசர் கருவி ஒன்றைப் படமெடுத்தவரின் சோனி கேமராவின் சென்சாரில் நிரந்தரமாகக் கோடு விழுந்தது. நம் ஊர் ரிசப்ஷன் மேடைகளில் டிஜே வைக்கும் லேசர் விளக்கும் இதே வேலையைச் செய்யக்கூடியதுதான். இந்தக் காயங்களைக் கண்டுபிடிக்க இரண்டு படங்கள் போதும். லென்ஸுக்கு மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓவை ஏற்றி ஒரு கறுப்புப் படம். எஃப்/16இல் வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம். இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தால் செத்த பிக்சலும் கோடும் தூசும் மறைக்க முடியாமல் வெளியே வரும். தூசு இருந்தால் கவலையில்லை, துடைத்துக்கொள்ளலாம். கோடு விழுந்திருந்தால் அந்த பாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

லென்ஸுக்கு வருவோம். அதன் கண்ணாடி தேயாது, ஆனாலும் அதற்கு ஒரு பெரிய எதிரி உண்டு. அது கடலோர ஊர்களில் குடும்பமாக வாழ்கிறது. பூஞ்சை. புழக்கத்தில் எல்லோரும் ‘ஃபங்கஸ்’ என்றுதான் சொல்கிறார்கள்.

அதன் வித்துகள் காற்றில் எங்கும் இருப்பவைதான். ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல், இருட்டு, காற்றோட்டமின்மை, உண்பதற்குக் கொஞ்சம் தூசோ விரல் எண்ணெயோ. இந்த நான்கும் ஒன்றுசேரும் இடம் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் தோல் பை. சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி ஈரப்பதம் 65ஐத் தாண்டியே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். பூஞ்சை வளரும்போது அமிலத்தைக் கக்குகிறது. அது லென்ஸின் மேல்பூச்சை அரிக்கும், விட்டுவைத்தால் கண்ணாடியையும் அரிக்கும். ஆரம்பத்திலேயே பிரித்துத் துடைத்தால் தப்பிக்கலாம். அரித்துவிட்ட பிறகு துடைத்தால் பூஞ்சை போகும், அதன் தடம் போகாது. இரண்டு கண்ணாடிகளை ஒட்டி வைத்த இடத்துக்குள் புகுந்துவிட்டால் பிரிப்பதே கஷ்டம்.

இதைக் கண்டுபிடிக்க செல்போன் டார்ச் போதும். லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சரிவாக அடித்தபடி முன்பக்கத்தில் கண்ணை வைத்து மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். முதலில் தூசுகள்தான் மின்னும். அவை பயமுறுத்தும், ஆனால் படத்தில் தெரியாது. ஆயிரக்கணக்கான லென்ஸ்களைப் பிரித்துப் பார்த்த லென்ஸ்ரெண்டல்ஸ் நிறுவனர் ரோஜர் சிகாலா இதைப் பலமுறை எழுதியிருக்கிறார். முன்கண்ணாடியில் ஒரு கீறல்கூடப் பெரும்பாலும் படத்தில் வராது. தேட வேண்டியது வேறு. ஓரத்திலிருந்து கிளம்பி நடுவை நோக்கி நூல் நூலாகக் கிளை பிரியும் வெண்மை, அல்லது ஒரு கண்ணாடி முழுக்க மூச்சு விட்டதுபோல் படர்ந்த மங்கல். முதலாவது ஃபங்கஸ், இரண்டாவது ‘ஹேஸ்’. வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும் படங்களில் இவை கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். டார்ச் அடிக்க விடாமல் “கடையில நல்லா லைட் இருக்கே சார்” என்று சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே உத்தமம்.

மஞ்சளித்துப்போன கண்ணாடியைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். 1960களில் வந்த சூப்பர் டக்குமார் 50 எம்எம் எஃப்/1.4 லென்ஸில் தோரியம் கலந்த கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். லேசான கதிரியக்கம் கொண்டது, வருடங்கள் போகப்போக மஞ்சளாகும். சில நாள் வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். பழைய மேனுவல் லென்ஸ்களை மிரர்லெஸ்ஸில் அடாப்டர் போட்டு மாட்டும் மோகம் வந்ததிலிருந்து இந்த லென்ஸை ஆவலோடு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாங்கிய பிறகு பாதுகாப்பதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கும் மின்சார ‘ட்ரை கேபினெட்’ நல்லது. அதற்கு வசதி இல்லையென்றால் ரப்பர் விளிம்பு உள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், நூறு இருநூறு ரூபாய் ஈரமானி ஒன்று. நிறம் மாறிய ஜெல்லைச் சூடுபடுத்தி உலர்த்தித் திரும்பப் போடலாம். எல்லாவற்றையும்விட, லென்ஸை அடிக்கடி எடுத்துப் படம் பிடிப்பது பூஞ்சைக்குப் பிடிக்காத விஷயம்.

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு ஜாதகம் இருக்கிறது, அதை முன்கூட்டிப் படித்துவிட்டுப் போகலாம். 2005இல் வந்த முதல் கேனான் 5டியில் உள்கண்ணாடி கழன்று விழும் கோளாறு இருந்தது. நிறுவனமே 2009இல் இலவசமாகச் சரிசெய்து தந்தது. கையில் இருக்கும் கேமராவுக்கு அது செய்யப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்கலாம். கேனான் 24-105 எஃப்/4 முதல் வடிவத்தில் உள்ளே இருக்கும் ரிப்பன் கேபிள் முறிந்து, அபெர்ச்சரைச் சுருக்கியதும் ‘எரர் 01’ காட்டுவது பிரசித்தம். நிக்கான் பாடிகளின் பிடி ரப்பர் வெயிலில் உப்பிக் கழன்று வரும். இவை தெரிந்தால் பேரம் பேச வாய் கிடைக்கும். திருகுகளின் தலை சிராய்த்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். யார், எதற்கு என்று கேட்பது தப்பில்லை.

எங்கே வாங்குவது? மும்பைக்கு போரா பஜார், டெல்லிக்கு சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி, கொல்கத்தாவுக்கு மெட்ரோ கலி என்று பெருநகரங்களுக்குத் தனிக் கேமராத் தெருக்கள் இருக்கின்றன. வெளிநாடுகளில் இது முறையான தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 1979இல் அட்லாண்டாவில் தொடங்கிய கேஇஎச், 2011இல் பிரிட்டனின் பிரைட்டனில் தொடங்கிய எம்பிபி, டோக்கியோ ஷிஞ்ஜுகுவின் மேப் கேமரா போன்றவை ஒவ்வொரு பொருளையும் சோதித்து, தரம் பிரித்து, குறைகளை எழுதி, ஆறு மாதமோ வருடமோ உத்தரவாதத்தோடு விற்கின்றன. இங்கே பெரும்பாலும் நம்பிக்கையான கடை ஒன்று, தெரிந்த ஸ்டுடியோ அண்ணன் ஒருவர், ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் குழுக்கள் என்றுதான் ஓடுகிறது. கடையில் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும், பதினைந்து நாளோ ஒரு மாதமோ ‘செக்கிங் வாரண்டி’ கிடைத்தால் அது வீண் செலவில்லை.

ஆன்லைனில் ஒரு பழைய தந்திரம் சலிக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. விற்பவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார், அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவார். திடீர் இடமாற்றம், அதனால் பாதி விலை. கூரியருக்கு மட்டும் முன்பணம் வேண்டும் என்பார். அடுத்து ஜிஎஸ்டிக்கு, பிறகு திரும்பக் கிடைக்கும் ‘டெபாசிட்’டுக்கு. விற்கிறவர்களுக்கும் தனியாக ஒரு வலை இருக்கிறது: ‘பணம் வர இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க’. ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டால் பணம் போகும், வராது. வாங்குகிறவர் கேமராவை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதவரை, விற்கிறவர் பணம் பெறுவதற்காகப் பின் எண்ணைப் போடாதவரை, இவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் புதிதாக வாங்குவதுதான் சரி என்ற நிலைமைகள் உண்டு. ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரர், புதுக் கேமராவுக்குக் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள முடியும். 2019 ஜனவரிக்கு முன் அந்த வரி 28 சதவீதமாக இருந்தது. தனிநபரிடம் ரொக்கம் கொடுத்து வாங்கினால் அந்த வரவு கிடையாது. வட்டியில்லா மாதத் தவணை புதுப்பொருளுக்குத்தான் எளிதாகக் கிடைக்கும். முகூர்த்த நாளில் பாடி நின்றுபோனால் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் இருப்பவருக்கு வாரண்டி சீட்டு தூக்கத்தைக் கொடுக்கும். சின்ன விலை லென்ஸ்களில் புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். அங்கே போய் டார்ச் அடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஆனால் ‘புதுசு, பில் இல்லாமல் குறைவு’ என்று ஒரு மூன்றாம் வகை இருக்கிறதே, அது இரண்டு பக்க நஷ்டத்தையும் சேர்த்துக் கொடுப்பது. வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் வந்த பொருளுக்கு இங்குள்ள நிறுவனம் வாரண்டி தராது. வெளிநாட்டுப் பொருளுக்குப் பர்மா பஜாரை நம்பியிருந்த காலத்தில் வேறு வழியில்லை. இப்போது அந்த அவசியமும் இல்லை.

எது வேண்டும் என்றே தெளிவில்லாதவர் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். சென்னையில் சினிமாக்காரர்களுக்காக வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக் கடைகள் நிறைய. ஒரு வார இறுதிக்கு எடுத்துப் புழங்கினால், ஆசைப்பட்ட லென்ஸ் கழுத்தை வலிக்கச் செய்கிறது என்ற உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.

பழசுக்கு விலை ஏறுகிற விநோதமும் நடக்கிறது. 2020 பிப்ரவரியில் 1,399 டாலருக்கு வந்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100வி கேமரா, 2022 வாக்கில் டிக்டாக் வீடியோக்களால் பிரபலமாகி எங்கும் கிடைக்காமல் போனது. யாரோ இரண்டு வருடம் பயன்படுத்திய கேமராவைப் புதுசின் விலைக்கும் மேலே கொடுத்து வாங்கினார்கள். 2024இல் அடுத்த மாடல் 1,599 டாலருக்கு வந்தது, அதற்கும் காத்திருப்புப் பட்டியல். உச்சக்கட்டமாக, 2022 ஜூனில் ஜெர்மனியின் வெட்ஸ்லாரில் நடந்த ஏலத்தில், லைக்காவைக் கண்டுபிடித்த ஆஸ்கர் பார்னாக் வைத்திருந்த சோதனைக் கேமரா 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. வியூஃபைண்டரின் மேல் அவர் பெயர் பொறித்திருந்தது.

பார்னாக் பெயர் இல்லாத சாதாரணக் கேமராவுக்கு வேறு காகிதங்கள் வேண்டும். பாடியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணும் பெட்டியில் இருப்பதும் பழைய பில்லில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளலாம். பில் தொலைந்துபோயிருந்தால், தேதி, மாடல், சீரியல் எண், தொகை எழுதி விற்பவரிடம் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொள்ளலாம். திருட்டுப் பொருள் என்று பின்னாளில் தெரியவந்தால் அந்த ஒற்றைத் தாள்தான் காவல் நிலையத்தில் பேசும். பணத்தை முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுப்பது அதே காரணத்துக்காக. கூடவே இலவசமாகக் கொடுக்கும் மெமரி கார்டையும் உப்பிய பேட்டரியையும் பெருந்தன்மையோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட கடையில் பில்லோடு புதிதாக வாங்குவது நல்லது. போலி கார்டுகள் டப்பா முதல் ஹாலோகிராம் வரை அசலைப் போலவே வருகின்றன. 128 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே இருப்பது அதில் கால்வாசியாக இருக்கலாம். அது நிரம்பும்வரை எந்தச் சந்தேகமும் வராது, நிரம்பிய பிறகு எடுக்கும் படங்கள் திரையில் பெயராக மட்டும் தெரியும், திறக்காது. வாங்கிய அன்றே கார்டு முழுவதையும் ஒருமுறை நிரப்பிக் கணினியில் திறந்து பார்த்துவிட வேண்டும்.